பெட்டிக்கடையில் வாசனைப் புகையிலை: நகராட்சி தனி உரிமம் கொண்டுவர வேண்டுமா?

தெற்குரதவீதி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் நம் வார்டின் சார்பில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். புகையிலைப் பொருள் விற்கும் கடைகளுக்கு நகராட்சி தனி உரிமம் வழங்க வேண்டும். அந்த உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் விற்கக் கூடாது. மென்தாலோ பழ வாசனையோ சேர்த்த சிகரெட்டுகளை அந்தக் கடைகளிலும் விற்கக் கூடாது. இவற்றில் முதல் இரண்டும் நாங்களாக யோசித்தவை அல்ல, மத்திய சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் பரிந்துரைத்தவை. மூன்றாவது எங்கள் சேர்க்கை, சண்டை வரப்போவதும் அதில்தான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு தொடங்கியது என் அக்கா மகனின் ஜாமெட்ரி பாக்ஸில். எட்டாம் வகுப்பு படிக்கிறான். காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவே வெள்ளை நிறத்தில், தேயிலைப் பையைச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கியது போல, நான்கு சிறு பைகள் கிடந்தன. முகர்ந்து பார்த்தேன், இருமல் மிட்டாய் வாசனை. கேட்டதற்கு, "மாமா, இது புகையிலை இல்லை, வாய் மணக்கப் போடுவது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் மெல்ல வேண்டாம், அடிக்கடி துப்பவும் வேண்டாம், வகுப்பில் ஆசிரியருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகு சட்டங்களைத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நாம் பொருளைப் பார்த்துத் தடை செய்கிறோமே தவிர, சிறுவர்களை அந்தப் பொருளுக்கு அழைத்துவரும் சுவையைத் தொடுவதே இல்லை. குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலைக்கு நம் மாநிலத்தில் 2013 மே மாதத்திலிருந்து தடை இருக்கிறது. மின் சிகரெட்டை 2018-இல் மாநில அரசும் 2019-இல் மத்திய அரசும் தடை செய்தன. ஆனால் வடிகட்டிக்குள் சிறு குமிழ் வைத்து, விரலால் அழுத்தினால் "டிக்" என்று உடைந்து புதினா வாசனை பரப்பும் சிகரெட்டை இன்று காலை பேருந்து நிலையத்தில் எவரும் ஒன்றிரண்டாக வாங்கலாம். ஒரு வாசலை அடைத்தால் சுவை அடுத்த வாசல் வழியாக வருகிறது. அதனால்தான் மூன்றாவது கோரிக்கையை வைத்தோம். எதிர்க்கருத்து இருப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

முக்குக்கடை_அண்ணாச்சி:

தம்பி, உங்கள் அக்கா மகன் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். எனக்கும் அந்த வயதில் பேரன் இருக்கிறான். ஆனால் கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

அரசு தடை செய்த எதையும் நான் விற்பதில்லை. விற்றால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதமும் பதினைந்து நாள் பூட்டும், இரண்டாவது முறை 50,000, மூன்றாவது முறை ஒரு லட்சம் என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் எங்கள் சங்கக் கூட்டத்திலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பூட்டிலேயே என் கடை திரும்பத் திறக்காது. ஆகவே அந்தப் பயம் எனக்குப் போதும். தடையை மீறி விற்பவன் உங்கள் உரிமத்தையும் வாங்க மாட்டான் என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். அவன் வியாபாரம் பலகைக்குக் கீழே இருக்கும் சாக்குப்பையில் நடக்கிறது. உரிமத்துக்கு வரிசையில் நிற்கப்போவது என்னைப் போன்றவன்.

அடுத்து, மிட்டாய் விற்கக் கூடாது என்கிறீர்கள். பெட்டிக்கடை என்பதே எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் பிழைப்பதுதான். சிகரெட்டில் கிடைப்பது சொற்ப லாபம். ஆனால் சிகரெட் வாங்க வருகிற ஆள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கடலை மிட்டாயும் சேர்த்து வாங்குகிறார், அதில்தான் அடுப்பு எரிகிறது. இரண்டையும் பிரித்தால் எந்தப் பாதியை வைத்து நான் வாடகை கொடுப்பது? என் கடைக்கு எதிரே குளிர்சாதனம் போட்ட பெரிய கடை ஒன்று இருக்கிறது. அங்கே கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் அலமாரி, கல்லாவுக்கு முன்னால், சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில், சாக்லேட் அடுக்கு. அவர்கள் மிட்டாயை எடுத்துவிடப் போகிறார்களா, அல்லது விதி எட்டடிக்கு ஆறடிக் கடைக்கு மட்டும்தானா?

ஈறும்_எயிறும்:

நான் பல் மருத்துவர். அண்ணாச்சி கேட்ட கடைசிக் கேள்வி நியாயமானது, தீர்மானத்தில் அதற்கு விடை இருக்க வேண்டும். நான் எழுத வந்தது வேறு.

வாசனை என்பது வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். புகையிலை இயல்பில் உறைப்பானது. முதல் தடவை வாயில் வைத்தாலோ இழுத்தாலோ தொண்டை எரியும், தலை சுற்றும், குமட்டும். முன்பெல்லாம் பாதிப் பையன்கள் அந்த முதல் நாளோடு விட்டதற்கு அதுதான் காரணம். மென்தால், வாயிலும் தொண்டையிலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி அந்த எரிச்சலை மறைத்துவிடுகிறது. மெல்லும் புகையிலையில் சுண்ணாம்பு சேர்ப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடினால் கன்னத்தின் உட்தோல் வழியாக நிகோடின் வேகமாக இரத்தத்துக்குள் இறங்கும். மின் சிகரெட்டில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து நிகோடினை உப்பாக மாற்றுகிறார்கள். காரத்தன்மை குறைவதால், தொண்டையில் உறைக்காமல் நிறைய நிகோடினை உள்ளிழுக்க முடிகிறது. ஒன்றில் சுண்ணாம்பு, மற்றொன்றில் அமிலம், இரண்டுக்கும் மேலே பழ வாசனை. எந்த வழியில் போனாலும் உடலின் முதல் எச்சரிக்கையை அமைதிப்படுத்துவதுதான் நோக்கம்.

என்னிடம் வரும் இளைஞர்களில் சிலருக்குக் கீழுதட்டை இழுத்துப் பார்த்தால், சரியாக அந்தப் பை உட்காரும் இடத்தில் மட்டும், தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல் நுனியைப் போலச் சுருங்கி வெளுத்த ஒரு திட்டு இருக்கும். அதை ஒட்டியுள்ள ஈறு கீழே இறங்கி, பல்லின் வேர் தெரியும். அந்தத் திட்டு எல்லோருக்கும் புற்றாக மாறுவதில்லை, பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் மெல்லும் புகையிலை வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. வயதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

சந்தேகவாசி:

நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, வழியைத்தான் சந்தேகிக்கிறேன். பூட்டான் 2004-இல் புகையிலை விற்பனையை நாடு முழுவதும் தடை செய்தது. எல்லையைத் தாண்டிக் கடத்தல் நடந்துகொண்டே இருந்தது. கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது கடத்தல்காரர்கள் வழியாகத் தொற்றும் வரும் என்ற அச்சம் எழ, 2021-இல் தடையை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். அது சிறிய நாடு, மலை நாடு. நம் ஊருக்கு நான்கு திசையிலும் பேருந்து வருகிறது.

சுவைக்கு மட்டும் தடை விதித்த ஊரும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் 2018 ஜூனில் மக்களே வாக்களித்து, மென்தால் சிகரெட் உட்பட வாசனை சேர்த்த எல்லாப் புகையிலைப் பொருட்களின் விற்பனையையும் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 68 விழுக்காடு ஆதரவு. ஆனால் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், அதன்பின் அந்த நகரத்துப் பள்ளி மாணவர்களிடையே சாதாரண சிகரெட் பழக்கம் மற்ற ஊர்களோடு ஒப்பிடுகையில் கூடியிருப்பதாகச் சொன்னார். மின் சிகரெட்டின் சுவையை எடுத்துவிட்டால் பையன் சிகரெட்டுக்குப் போவான் என்றால், நாம் செய்வது என்ன?

ஈறும்_எயிறும்:

அந்தக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். அதற்கு வந்த மறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் சட்டம் நடைமுறையில் கண்டிப்பாக அமலானது 2019 தொடக்கத்தில். ஆய்வுக்கு எடுத்த மாணவர் கணக்கோ 2018 இலையுதிர் காலத்தில் திரட்டப்பட்டது என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அமலாவதற்கு முன் எடுத்த கணக்கை வைத்து அமலின் விளைவை எப்படி அளப்பது? இருந்தாலும், ஒரு பொருளின் சுவையை மட்டும் எடுத்துவிட்டு அடுத்ததை விட்டுவைத்தால் கூட்டம் அங்கே நகரும் என்ற உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. நம் ஊரில் அந்த அடுத்த பொருள்தான் குமிழ் வைத்த சிகரெட். அதையும் சேர்த்து நிறுத்தச் சொல்வதற்கு உங்கள் வாதமே துணை நிற்கிறது.

ஓய்வுபெற்ற_ஆசிரியை:

எல்லோரும் கடையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் மதிய இடைவேளைக்குப் பின் மாம்பழ வாசனை வரும். மாம்பழப் பருவமும் இல்லை. யாரோ சூயிங்கம் மெல்கிறார்கள் என்று பல நாள் விட்டுவிட்டேன். பிறகு ஒரு மாணவனின் சட்டைப் பையிலிருந்து, வரிகளுக்கு வண்ணம் தீட்டும் தடித்த பேனாவைப் போல ஒன்று கீழே விழுந்தது. மூடியைத் திறக்க முயன்றேன், மூடியே இல்லை. அதன் அடியில் செல்போனுக்கு மின்னேற்றுவது போன்ற துளை இருந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு எந்தக் கடையையும் அவன் சொல்லவில்லை. செல்போனில் செய்தி அனுப்பினால் இருசக்கர வண்டியில் ஒருவர் கொண்டுவந்து தருவாராம், பணமும் செல்போனிலேயே போய்விடுமாம்.

ஆகவே, அண்ணாச்சியின் மிட்டாய்ப் பாட்டிலை அகற்றினால் இந்த வண்டி நின்றுவிடாது. தீர்மானத்தை நான் எதிர்க்கவில்லை. அதில் மின் சிகரெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் கேட்கிறேன்.

வாய்தா_வழக்குரைஞர்:

ஆசிரியை அம்மாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன். மின் சிகரெட்டுக்கு உரிமமோ நிபந்தனையோ விதிக்க முடியாது, ஏனென்றால் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, வினியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். அது காவல்துறையின் வேலை. நகராட்சித் தீர்மானத்தில் அதை எழுதினால் அழகாக இருக்கும், பயன் இருக்காது. ஆனால் வண்டியில் கொண்டுவருபவரைப் பற்றிப் பள்ளியே எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

மெல்லும் புகையிலையின் தடை நீங்கள் நினைப்பதுபோல் உறுதியான தரையில் நிற்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 30-ஆவது பிரிவின் கீழ் ஆணையர் ஓராண்டுக்கு மிகாமல் ஒரு பொருளைத் தடை செய்யலாம். நம் மாநிலத்தில் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். தற்காலிக அதிகாரத்தை இப்படி நிரந்தரமாக நீட்டிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது, மே மாதத்தில் அரசு மறுபடியும் ஓராண்டுக்கு அறிவிக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தம் போலத்தான் இது நடக்கிறது. 2024-இல் மதுரைக் கிளையில் "கூல் லிப்" (உதட்டுக்குள் வைக்கும் சிறு பைகளில் வரும் வாசனைப் புகையிலை) தொடர்பான மனுக்களை விசாரித்த நீதிபதி பரத சக்கரவர்த்தி, அதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக ஏன் அறிவிக்கக் கூடாது என்று மத்திய அரசிடம் கேட்டார். ஒரு மாநிலம் தடை செய்து, தயாரிப்பு வேறு மாநிலத்தில் தாராளமாக நடந்தால், லாரியில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே அது வந்துகொண்டுதான் இருக்கும் என்பதே அந்தக் கேள்வியின் பின்னணி.

மூன்றாவது கோரிக்கையைப் பற்றி: மத்தியச் சட்டப்படி விற்கத்தக்க ஒரு சிகரெட்டை, வாசனை இருக்கிறது என்பதற்காக ஒரு நகராட்சி முழுமையாகத் தடை செய்தால், நிறுவனங்கள் நீதிமன்றம் போவது நிச்சயம். அந்தத் தடை நிற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அதையே உரிமத்தின் நிபந்தனையாக வைத்தால் வாதாட ஓரளவு இடம் இருக்கிறது, எளிதாக இருக்காது.

கையில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதைத் தேடுகிறோமோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. 2003-ஆம் ஆண்டு மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. சிரிக்காதீர்கள், அவ்வளவுதான். ஆனால் அதே சிறுவனுக்கு அதே பொருளைக் கொடுப்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின் கீழ் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். ஒரே செயலுக்கு ஒரு சட்டத்தில் 200 ரூபாய், மற்றொன்றில் ஏழாண்டு. நடைமுறையில் ரசீதுப் புத்தகத்தை எடுத்து 200 ரூபாயைக் கிழித்துக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

விட்டவன்:

நான் பதினேழு வயதில் மென்தால் சிகரெட்டில் தொடங்கி முப்பத்தைந்தில் விட்டவன். அதனால் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மருத்துவர் சொன்ன குளிர்ச்சி உண்மை. என் நண்பன் கொடுத்த சாதாரண சிகரெட்டில் இருமி வாந்தியெடுத்தேன், அவனே மறுநாள் "இதை இழு, தொண்டையைப் பிடிக்காது" என்று வேறொன்றைக் கொடுத்தான். அந்த இரண்டாவது சிகரெட் இல்லாவிட்டால் நான் நிறுத்தியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்தில் எந்தச் சிகரெட்டும் எனக்கு இனித்தது. அதன்பிறகு வாசனை எனக்குத் தேவைப்படவே இல்லை.

இரண்டாவது, இங்கே எல்லோரும் தொடங்காமல் தடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்கெனவே பிடிபட்டவனுக்கு என்ன வழி? இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு மின் சிகரெட்டை அரசே கொடுத்துப் பார்க்கிறது. அதே நாடு 2025 ஜூனில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வகையைத் தடையும் செய்தது. நமக்கு அந்த வழியே மூடப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னை மீட்டது நிகோடின் சூயிங்கம். அதுவும் புதினா வாசனைதான், வேடிக்கையைப் பாருங்கள். புகையிலைப் பாக்கெட்டுகளில் 2018-லிருந்து 1800 11 2356 என்று ஓர் இலவச எண் அச்சாகிறது. பதினோராவது நாள் இரவு அந்த எண்ணைக் கூப்பிட்டுத்தான் பிழைத்தேன். தீர்மானத்தில், உரிமம் பெறும் கடை அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி மாட்ட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். செலவு ஒரு தகரப் பலகை.

முக்குக்கடை_அண்ணாச்சி:

வக்கீல் ஐயா சொன்ன 200 ரூபாய்க் கதை எனக்குத் தெரியும், கட்டியவர்களையும் தெரியும். பலகை மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குமிழ் சிகரெட்டையும் நான் விட்டுவிடத் தயார்; அது இல்லையென்றால் வருகிறவர் வேறொன்றை வாங்கிப் போகிறார், எனக்கு நட்டம் இல்லை. ஆனால் எதிர்க்கடைக்கும் அதே நாளில் அதே விதி வரவேண்டும். மிட்டாயை மட்டும் என்னால் விட முடியாது. வேண்டுமானால் சிகரெட்டைப் பலகை மேல் பரப்பாமல், வெளியே தெரியாதபடி மூடிய பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறேன். கேட்டவருக்கு மட்டும் எடுத்துத் தருகிறேன். பள்ளிப் பிள்ளை மிட்டாய் வாங்கும்போது அதன் கண்ணில் சிகரெட் பாக்கெட் படாது. இது உங்களுக்குப் போதாதா?

தெற்குரதவீதி:

அண்ணாச்சி, மிட்டாய் நிபந்தனையை எழுதும்போது உங்கள் கடையை நான் மனதில் நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடிய பெட்டி யோசனையை மற்றவர்களிடம் வைக்கிறேன், சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது கோரிக்கையைத் தடை என்று எழுதாமல், பெரிய கடை சிறிய கடை என்ற பேதமின்றி எல்லோருக்கும் பொதுவான உரிம நிபந்தனையாக மாற்றிவிடுகிறோம். வாசனையைக் கைவிட மட்டும் மாட்டேன். வக்கீல் சொன்னபடி அது நீதிமன்றத்தில் விழுந்தாலும் சரி, விழும்வரை நம் ஊரில் சில பையன்களின் முதல் நாள் இருமலோடு முடியட்டும்.

அதற்கு முன் ஒரு காரியம். வார்டிலுள்ள மூன்று பள்ளிகளைச் சுற்றி 100 கெஜத்துக்குள் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று அளந்து எடுத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும். வக்கீல் சார், வாசலிலிருந்து அளப்பதா, சாலை வழியாக அளப்பதா?

வாய்தா_வழக்குரைஞர்:

இரண்டும் இல்லை. பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில், எல்லாத் திசையிலும் வட்டமாக அளக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். சாலை வளைந்து போவதால் தூரம் கூடுகிறது என்ற கணக்கு செல்லாது.

தெற்குரதவீதி:

நேற்று மாலை நானும் ஆசிரியை அம்மாவும் நில அளவைச் சங்கிலி வைத்திருக்கும் ஒரு நண்பரும் சென்று பெண்கள் பள்ளியைச் சுற்றி மட்டும் அளந்து முடித்தோம். ஒன்பது கடைகள் உள்ளே வருகின்றன. எதிரேயுள்ள குளிர்சாதனக் கடையும் அவற்றில் ஒன்று. அண்ணாச்சி, உங்கள் கடையைப் பற்றி இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, போனில் பேசுகிறேன்.

முக்குக்கடை_அண்ணாச்சி:

போனில் பேச வேண்டாம் தம்பி, இன்று விடியற்காலை நானே மகனை அழைத்துக்கொண்டு போய் அளந்துவிட்டேன். சாலை வழியாக 130 மீட்டருக்கு மேல் வருகிறது, இத்தனை வருடமும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். பள்ளியின் பின்சுவரிலிருந்து நேராகப் பிடித்தால் 84. சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஏழு பேரிடமும் நான் சொல்கிறேன், எதிர்க்கடைக்கு நீங்கள் போய்ச் சொல்லுங்கள். மீதமிருக்கும் பாக்கெட்டுகளை மொத்தக்கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று இனிதான் கேட்க வேண்டும்.